20 நைரா நோட்டில் ஒரு பானைக்காரம்மா



பெண்களின் கைத்தொழில் வரலாறு பற்றி மலருக்கு எழுத வேண்டும் என்றதும் என் மனசு ஆப்பிரிக்காவுக்குப் போய்விட்டது. காரணம் ஒரு பண நோட்டு. நைஜீரியா நாட்டின் 20 நைரா நோட்டின் பின்பக்கத்தில் ஒரு அம்மா பானை செய்துகொண்டிருக்கிற படம் இருக்கிறது. அவர் பெயர் லாடி குவாலி. வாரா வாரம் சேமிப்புப் பணம் எண்ணுகிற நமக்கு, நோட்டிலேயே இடம் பிடித்த இந்த அம்மாவின் கதை தெரிய வேண்டாமா?

1925 வாக்கில் குவாலி என்கிற கிராமத்தில் பிறந்தவர். ஊர்ப் பெயரே அவர் பெயரோடு சேர்ந்துவிட்டது. நம்ம பக்கம் சக்கரத்தில் உட்கார்ந்து பானை வனைவது பெரும்பாலும் ஆண்கள்தான். அங்கே க்வாரி இன மக்களிடம் பானை செய்வது பெண்கள் வேலை. சக்கரமே கிடையாது. சின்னப் பிள்ளையில் உறவுக்கார அம்மா ஒருவரிடம் லாடி இதைக் கற்றுக்கொண்டார். களிமண் உருண்டையைக் குத்திக் குழித்து அடிப்பாகம் செய்வார். பிறகு மண்ணைக் கயிறு மாதிரி உருட்டி, வட்டம் வட்டமாக மேலே அடுக்கி, கையால் இழுத்துச் சமமாக்குவார். சக்கரம் சுற்றாததால் அவர்தான் பானையைச் சுற்றிச் சுற்றி நடப்பார். ஈரம் காய்வதற்குள் பல்லி, தேள், முதலை, மீன் என்று தன் ஊரில் பார்த்ததை எல்லாம் பானைமேல் கீறுவார். கடைசியில் திறந்த வெளியில் காய்ந்த புல்லும் சுள்ளியும் போட்டுச் சுட்டு எடுப்பார்கள். தண்ணீர் வைக்க, சமைக்க, அன்றாடம் புழங்குகிற பானைதான். ஆனால் அவர் கை அழகு தனியாகத் தெரிந்தது. அபுஜாவின் அமீர், அதாவது அந்தப் பகுதி மன்னர், லாடியின் பானைகளை வாங்கித் தன் அரண்மனையில் வைத்திருந்தார்.

அப்போது அங்கே ஆங்கிலேயர் ஆட்சி. மைக்கேல் கார்டியூ என்கிற ஆங்கிலேயக் குயவர் 1950இல் அந்தப் பானைகளைப் பார்த்து அசந்துபோனார். 1952இல் அபுஜாவில் அவர் ஒரு மண்பாண்டப் பயிற்சி நிலையம் தொடங்கினார். (அந்தப் பழைய அபுஜாவுக்கு இப்போது சுலேஜா என்று பெயர்.) ஆண்கள் மட்டுமே படித்த அந்த நிலையத்தில் 1954இல் முதல் பெண்ணாக லாடி சேர்ந்தார். சக்கரம் சுற்றவும், பளபளப்புப் பூச்சு பூசவும், பெரிய சூளையில் சுடவும் கற்றுக்கொண்டார். ஆனால் தன் பெரிய பானைகளைப் பழைய மாதிரி கையால்தான் செய்தார்.

இதில் ஒரு விஷயம் யோசிக்க வேண்டியது. மண்பானைத் தண்ணீர் ஏன் குளிருகிறது? பானை வியர்ப்பதால். ஊறுகாய் ஜாடி மாதிரி பூச்சுப் போட்டுவிட்டால் வியர்க்காது, தண்ணீரும் குளிராது. லாடியின் பானைக்குப் பூச்சு ஏறியதும் அது தண்ணீர்ப் பானை என்கிற வேலையை விட்டு, பார்த்து ரசிக்கிற கலைப்பொருள் ஆகிவிட்டது. லண்டனில் 1958, 1959, 1962 ஆகிய ஆண்டுகளில் கண்காட்சிக்குப் போனது. அவரும் வெளிநாடுகளுக்குப் போய், கூட்டத்தின் நடுவே பானையைச் சுற்றி நடந்து செய்து காட்டினார். 1977இல் அகமது பெல்லோ பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 1984இல் காலமானார்.

அவர் கை வேலை அதோடு முடிந்துபோகவில்லை. 1974இல் ஒரு இளம்பெண் அபுஜாவுக்கு வந்தார். பெயர் மாக்தலின் ஒடுண்டோ. கென்யாவில் 1950இல் பிறந்து, சின்ன வயசில் நம்ம இந்தியாவிலும் கொஞ்ச காலம் படித்து, இங்கிலாந்துக்குக் கலை படிக்கப் போனவர். கல்லூரியில் எத்தனையோ கருவி இருந்தும், சக்கரம் இல்லாமல் பானை எழுப்புவதை லாடியிடமும் அங்கிருந்த மற்ற பெண்களிடமும்தான் கற்றுக்கொண்டார்.

பிறகு 1976இல் அவர் அமெரிக்காவில் சான் இல்டிஃபொன்சோ என்கிற பழங்குடிக் கிராமத்துக்குப் போனார். அது மரியா மார்ட்டினெஸ் (1887–1980) என்கிற அம்மாவின் ஊர். மரியா பானை செய்ய, கணவர் ஜூலியன் படம் வரைவார். பானையைக் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றி, வறட்டி அடுக்கிச் சுடுவார்கள். நல்ல சூடு ஏறியதும் எருப்பொடியைக் கொட்டி நெருப்பை மூடிவிட்டால், புகை உள்ளேயே அடைபட்டு, சிவப்புப் பானை கரேல் என்று மின்னும். எருவின் அருமை நமக்குச் சொல்லவா வேண்டும்!

இந்த வித்தையை மரியா மூடி வைக்கவில்லை. ஊர்ப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். பானைத் தொழிலால் அந்த ஊரே பிழைத்தது. மரியாவின் கையெழுத்து இருந்தால் விலை கூடும் என்பதால், மற்றவர்கள் கேட்டால் அவர்கள் செய்த பானையிலும் தன் பெயரைப் போட்டுக்கொடுப்பாராம்.

ஒடுண்டோ இன்றைக்கு உலகம் அறிந்த கலைஞர். 2020இல் இங்கிலாந்து அரசு 'டேம்' பட்டம் கொடுத்தது. அவர் பானைக்குப் பூச்சே கிடையாது. மண் வளையம் அடுக்கி எழுப்பி, மண் குழம்பு பூசித் தேய்த்து மெருகேற்றுவார். ஒரு தடவை சுட்டால் செம்மஞ்சள், காற்றை அடைத்து இன்னொரு தடவை சுட்டால் கறுப்பு. வளைந்த கழுத்தும் உப்பிய வயிறுமாக, அந்தப் பானைகளைப் பார்த்தால் பிள்ளைத்தாய்ச்சிப் பெண் நிற்கிற மாதிரியே இருக்கும். அந்தப் பானைக்குள் நைஜீரிய அம்மாக்களின் கையும் இருக்கிறது, மரியா ஊர்க்காரர்களின் கையும் இருக்கிறது. யாரிடம் கற்றேன் என்பதை ஒடுண்டோ மறைக்கவில்லை, அதனால்தான் நமக்கும் தெரிகிறது.

ஆனாலும் ஒரு வருத்தம். லாடிக்கு முன்னால் எத்தனையோ தலைமுறைப் பெண்கள் குவாலியில் பானை செய்தார்கள். அது வீட்டு வேலையோடு ஒரு வேலையாகப் போய்விட்டது. அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

இங்கேயும் அதுதானே நடக்கிறது? எங்கள் குழுவில் பின்னுகிற ஓலைக் கூடையை ஒரு வியாபாரி மொத்தமாக வாங்கி, தன் லேபிளை ஒட்டி விற்கிறார். பின்னியவள் பெயரும் இல்லை, குழு பெயரும் இல்லை. விலையும் அவர் வைத்ததுதான்.

அதனால் என் ஆசை இரண்டு. ஒன்று, நம்ம பொருள் எதுவானாலும் சந்தைக்குப் போகும்போது குழுவின் பெயரும் செய்த பெண்ணின் பெயரும் சேர்ந்து போகட்டும். சின்னச் சீட்டு ஒட்டினால் போதும், செலவு பெரிசில்லை. இரண்டு, கூடையோ, பாயோ, பானையோ, ஒரு வேலை தெரிந்த பெரியம்மா, பாட்டி நம்ம குழுவில் இருந்தால், மாதத்தில் ஒரு கூட்டத்தை அவர்களுக்கு ஒதுக்குவோம். அவர்கள் சொல்லித்தர, நாம் கற்றுக்கொள்வோம். தீர்மான நோட்டில் வரவு செலவு எழுதுகிற மாதிரி, யார் யாருக்கு என்ன கற்றுக்கொடுத்தார் என்பதையும் ஒரு வரி எழுதி வைப்போம். நாளைக்கு நம்ம பிள்ளைகள் வரலாறு தேடினால், அந்த நோட்டில் நம்ம அம்மாக்களின் பெயர் இருக்கும்.