அம்பாசிடரின் ஐந்தாவது கியர்

இன்னைக்கு நாம பேசப்போறது ஒரு கியர்பாக்ஸோட வரலாறு. பழைய காருக்குப் புது கியர்பாக்ஸ் மாட்டலாமா? மாட்டினா அது அதே பழைய கார்தானா? கிளாசிக் கார் வெச்சிருக்கிறவங்க நடுவுல இந்தச் சண்டை ஓய்ந்ததே இல்லை.

இதை ஒரு ரோட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். காஞ்சிபுரத்துக்கு மேற்கே, சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கு திருப்புட்குழி. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. ஜடாயுவுக்கு ராமன் இறுதிக்கடன் செய்த இடம் என்பது தலபுராணம். 'புள்' என்றால் பறவை. ஊர்ப்பெயரிலேயே அது இருக்கு. இந்த ஊரை ஒட்டிப் போகும் சாலை ஒரு காலத்தில் எதிரெதிரே வண்டி வரும் இருவழிச் சாலை. தங்க நாற்கரத் திட்டத்துக்குப் பிறகு நடுவில் தடுப்பு வைத்த அகலமான நெடுஞ்சாலை.

அம்பாசிடர் பிறந்தது அந்தப் பழைய சாலைக்கு. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் சீரிஸ் 3 காரை, 1950களின் பிற்பகுதியிலிருந்து ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் தயாரித்தது. ரொம்ப காலத்துக்கு அதில் நாலே கியர். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலேயே கியர் கம்பி. அதனால் முன் சீட் ஒரே பெஞ்ச். மூணு பேர் தாராளமா உட்காரலாம். பின்னாடி எத்தனை பேர்னு கேக்காதீங்க, கல்யாண சீசனைப் பொறுத்தது.

முதல் கியரில் சின்க்ரோமெஷ் கிடையாது. அதாவது, வேறு வேறு வேகத்தில் சுற்றும் பற்சக்கரங்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்துவைக்கும் அமைப்பு இல்லை. அமெரிக்காவில் கெடிலாக் 1928-லேயே சின்க்ரோமெஷ்ஷைக் கொண்டுவந்துவிட்டது. இங்கே வண்டி முழுசா நிக்காம ஃபர்ஸ்ட் கியர் போட்டா 'கர்ர்ர்'னு கத்தும்.

நாலாவது கியரில் எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால், பின்சக்கரத்துக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டும் ஒரு சுற்று. பழைய ரோட்டுக்கு அது போதும். நெடுஞ்சாலையில் மணிக்கணக்கா வேகமா ஓட்டினா எஞ்சின் அலறும். ஐந்தாவது கியர் செய்வது இதுதான்: அதன் விகிதம் 0.85 என்று வைத்துக்கொள்வோம். ஷாஃப்ட் 3,000 சுற்று சுற்ற, எஞ்சின் 2,550 சுற்றினால் போதும். சத்தம் குறையும், பெட்ரோல் மிச்சம், எஞ்சினும் நிம்மதியா இருக்கும்.

இதைத் தயாரிப்பாளர்களே புரிந்துகொண்டதுதான் கதையின் திருப்பம். 1983 கடைசியில் மாருதி 800 வந்தது. 1984-ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கான்டெஸா காரைக் கொண்டுவந்தது. உடம்பு வாக்ஸ்ஹால் விக்டர், உள்ளே அதே பழைய 1,489 சிசி எஞ்சின். பெரிய உடம்பை இழுக்கத் திணறியது. பிறகு ஜப்பானின் இசுஸு 1.8 லிட்டர் எஞ்சினும் ஐந்து கியரும் வந்ததும்தான் அது ஆசைப்பட்டு வாங்கும் கார் ஆனது. 1990களின் தொடக்கத்தில் அதே ஜோடி அம்பாசிடருக்குள்ளும் போனது. கியர் கம்பி தரைக்கு இறங்கியது.

நேர்மாறாகச் செய்தால்? அதுக்கும் உதாரணம் சென்னையிலேயே இருக்கு. 1985-ல் ஸ்டாண்டர்ட் நிறுவனம் ரோவர் எஸ்டி1-இன் அழகான உடம்புக்குள், பழைய வேன்கார்ட் வழிவந்த எஞ்சினையும் நாலு கியரையும் வைத்து 'ஸ்டாண்டர்ட் 2000' விற்றது. விலை அதிகம், ஓட்டம் மந்தம். 1988-க்கு மேல் அது நீடிக்கவில்லை.

ஆக, கியர்பாக்ஸ் மாற்றுவது வரலாற்றுத் துரோகம் ஒன்றும் இல்லை. ஆனா, ஒரு கியர்பாக்ஸ் அந்தக் காலத்துச் சாலையின் பதிவும்கூட. எந்த வேகத்தில் நம்ம தாத்தா பாட்டி பயணம் போனாங்க, எத்தனை பேர் நெருக்கி உட்கார்ந்தாங்க என்பதெல்லாம் அந்த நாலு கியரிலும் பெஞ்ச் சீட்டிலும் எழுதியிருக்கு. தரையை வெட்டி, அதைத் தூக்கி காயலான் கடைக்குப் போட்டால், அந்தப் பதிவு போச்சு. அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதமே நின்றுவிட்டது. புதுசா இனி வராது.

சட்டமும் இங்கே குறுக்கே வரும். தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021-ல் வந்த விதிப்படி, 50 வயது தாண்டிய வண்டி 'விண்டேஜ்' பதிவு பெற, அது அசல் வடிவில் இருக்கணும். சேஸிஸ், பாடி, எஞ்சின் மாறியிருக்கக் கூடாது. அதனால் ஸ்பேனரைத் தொடும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

அனுமதி உண்டு என்றால், திரும்ப மாற்றக்கூடிய மாதிரி செய்யச் சொல்லுங்கள். எஞ்சினுக்கும் புது பாக்ஸுக்கும் நடுவில் அடாப்டர் தகடு, நீளம் சரியான வேறொரு புரொப்பல்லர் ஷாஃப்ட், போல்ட்டில் நிற்கும் தாங்கி. முடிந்தவரை வெட்டும் வெல்டிங்கும் வேண்டாம். பழைய பாக்ஸை ஆயில் பூசி, சாக்கில் சுற்றி, வண்டி எண்ணை எழுதிக் கட்டிவையுங்கள். அடுத்து அந்தக் காரை வாங்குகிறவர் நாலு கியரில் ஓட்டிப் பார்க்க ஆசைப்படலாம். அந்த வாய்ப்பு அவருக்கும் இருக்கட்டும்.