எம்.ஜி. கொடுத்து வாங்கிய விளையாட்டு

தமிழ் சினிமா வியாபாரத்தில் ‘எம்.ஜி.’ என்றால் எம்.ஜி.ஆர். இல்லை, மினிமம் கியாரண்டி. படம் ஓடுதோ இல்லையோ, விநியோகஸ்தர் ஒரு தொகையைத் தயாரிப்பாளரிடம் முன்னாடியே கொடுத்துவிட வேண்டும். படம் படுத்தால் நஷ்டம் அவர் தலையில். வசூல் அந்தத் தொகையைத் தாண்டினால், கமிஷன் போக மிச்சத்தில் தயாரிப்பாளருக்கும் பங்கு உண்டு. 2002-ல் ‘பாபா’ விழுந்தபோது நஷ்டப்பட்டவர்களுக்கு ரஜினிகாந்த் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது அவ்வளவு பெரிய செய்தியானது, வழக்கம் அப்படி இல்லை என்பதால்தான்.

இதே வார்த்தை 2021-ல் ஓர் அமெரிக்க நீதிமன்ற ஆவணத்தில் வந்தது. எபிக் கேம்ஸ் நிறுவனத்துக்கும் ஆப்பிளுக்கும் நடந்த வழக்கு. கணினி விளையாட்டுகளை விற்கும் தன் இணையக் கடைக்காக, 2020 என்ற ஒரே ஆண்டுக்கு எபிக் ஒப்புக்கொண்டிருந்த மினிமம் கியாரண்டி 44.4 கோடி டாலர்; அந்த ஆண்டு அந்தக் கடையில் அது எதிர்பார்த்த வருமானமோ 40.1 கோடி டாலர்தான் என்று ஆப்பிள் எடுத்துக்காட்டியது. கல்லாவில் விழப்போவதைவிட அட்வான்ஸ் அதிகம். கோடம்பாக்கத்தில் இதற்கு யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

எதற்காக இப்படிக் கொட்டிக் கொடுத்தார்கள் என்று புரிய, ஸ்டீம் என்ற கடை எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும்.

வால்வ் என்ற நிறுவனம் 2003 செப்டம்பரில் ஸ்டீமைத் தொடங்கியது. அதற்கு முன் வால்வின் விளையாட்டுகளை சிடி போட்டு விற்றது சியரா. அதன் உரிமையாளர் விவெண்டி. இவர்கள் பிரவுசிங் சென்டர்களுக்கும் விளையாட்டை விற்கிறார்கள், ஒப்பந்தத்தில் அது இல்லை என்று வால்வ் 2002-ல் வழக்குப் போட்டது. திருச்சியில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆடிய எங்கள் தலைமுறைக்கு இது வேடிக்கையாக இருக்கும். அங்கே உரிமம் என்ற சொல்லையே யாரும் உச்சரித்ததில்லை.

வழக்கு முடியும் முன்பே, 2004 நவம்பர் 16-ல், ஹாஃப்-லைஃப் 2 வெளியானது. கடையில் சிடி வாங்கினாலும் ஸ்டீமில் கணக்குத் தொடங்கி, இணையத்தில் ஒருமுறை இணைந்தால்தான் விளையாட்டு திறக்கும். எங்கள் ஆவூரில் அன்றைக்கு இணையம் என்றால் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிற பொருள். சிங்காரத்தோப்பில் வாங்கிய நகல் சிடி வீட்டுக் கணினியில் ஓடும். முழு விலை கொடுத்த அசல் சிடி ஓடாது. என்னத்தச் சொல்ல!

ஒரே கடைக்கு மட்டும் என்ற கட்டாயம் அன்றைக்கே தொடங்கிவிட்டது. அதற்காக யாரும் யாருக்கும் அட்வான்ஸ் தரவில்லை. அடுத்த பத்து வருஷத்தில் மற்ற தயாரிப்பாளர்களும் தாங்களாகவே ஸ்டீமுக்கு வந்தார்கள், வாங்குகிறவன் அங்கே இருந்ததால். ஸ்டீமின் பங்கு 30 சதவீதம். 2018 நவம்பர் இறுதியில் அதைக் குறைத்தார்கள். ஆனால் விற்பனை 1 கோடி டாலரைத் தாண்டினால்தான் 25, 5 கோடியைத் தாண்டினால்தான் 20. இரண்டு பேர் சேர்ந்து அறையில் உட்கார்ந்து செய்கிற விளையாட்டுக்கு அதே 30-தான்.

அடுத்த வாரமே எபிக் தன் கடையைத் திறந்தது. 12 சதவீதம். ஆயிரம் ரூபாய் விளையாட்டில் தயாரிப்பாளருக்கு 700-க்குப் பதில் 880. கணக்கு அவ்வளவு சுலபம். ஆனாலும் வாங்குகிறவன் நகரவில்லை. அவனுக்கு அந்த 180-ல் ஒரு பைசா கிடையாது. அதனால்தான் எம்.ஜி. வந்தது.

2019 ஜனவரியில் ‘மெட்ரோ எக்ஸடஸ்’ வெளியாக மூன்று வாரம்கூட இல்லாதபோது ஸ்டீமிலிருந்து எபிக்குக்குப் போனது. ‘ஃபீனிக்ஸ் பாயின்ட்’ இன்னும் மோசம்: ஸ்டீமில் தருகிறோம் என்று சொல்லி ரசிகர்களிடம் முன்பணம் திரட்டிவிட்டு மாறினார்கள், கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பினார்கள். விளையாட்டுக்காரர்கள் கொதித்தார்கள். இரண்டாவதில் கோபம் நியாயம். முதலாவதில் எனக்கு அவ்வளவு உடன்பாடில்லை. எபிக்கின் மென்பொருளை இறக்கிக்கொள்ளக் காசு இல்லை. ஒரு சிறிய தயாரிப்பாளருக்கு, விற்றாலும் விற்காவிட்டாலும் இரண்டு வருஷச் சம்பளம் கையில் என்பது சின்ன விஷயமா?

ஒரே இடத்தில் மட்டும் என்பதை வேறு விதமாகவும் சாதிக்கலாம். 2012 இறுதியில் கமல்ஹாசன் ‘விஸ்வரூப’த்தைத் திரையரங்குக்கு முன்பே டிடிஎச்சில் காட்டுவேன் என்றபோது, தமிழ்நாட்டுத் திரையரங்கு உரிமையாளர்கள் அப்படியானால் படத்தைப் போட மாட்டோம் என்றார்கள். கடைசியில் அவர்தான் வரிசையை மாற்ற வேண்டி வந்தது. 2020-ல் ‘பொன்மகள் வந்தாள்’ நேராக அமேசானுக்குப் போனபோது, சூர்யா தரப்புப் படங்களை இனி திரையிட மாட்டோம் என்ற அதே குரல். இங்கே தயாரிப்பாளர் கைக்கு ஒரு ரூபாய் வரவில்லை. எபிக்காவது காசைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டது.

காசு வைத்தும் ஜெயிக்கவில்லை. ‘மெட்ரோ’ ஒரு வருஷத்தில், 2020 பிப்ரவரியில் ஸ்டீமுக்கு வந்தது. ‘பார்டர்லேண்ட்ஸ் 3’ அடுத்த மாதம். தனிக்கடை போட்டுப் போன ஈ.ஏ. 2019-ல் திரும்பியது, யூபிசாஃப்ட் 2022-ல். எபிக் வாராவாரம் விளையாட்டுகளை இலவசமாகவே கொடுத்தது. ஜனங்கள் வாங்கிக்கொண்டு ஸ்டீமுக்குத் திரும்பினார்கள். ஊரில் மளிகைக்கடையை மாற்றாமல் இருப்பதற்குப் பற்று நோட்டு ஒரு காரணம். இங்கே அது தலைகீழ்: கடன் இல்லை, பத்து வருஷமாக நாம் காசு கொடுத்து வாங்கிய எல்லாமே அவர்கள் நோட்டில் இருக்கிறது. நண்பர்கள் பட்டியலும் அங்கேதான். இந்திய ரூபாயில் வாங்கும் வசதியை ஸ்டீம் 2015-லேயே கொடுத்துவிட்டது. எபிக் கடை திறந்தபோது இங்கே நூறு விளையாட்டு சேர்த்து வைத்திருந்தவர்கள் ஏராளம்.

அந்த நூறையும் எடுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போக முடியாது. விற்க முடியாது, பிள்ளைக்கு எழுதி வைக்கவும் முடியாது. கலிபோர்னியாவில் 2024-ல் இயற்றிய சட்டம், இணையத்தில் இப்படி விற்கிறவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றது. அந்த அக்டோபரிலிருந்து ஸ்டீமில் பணம் கட்டும் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: நீங்கள் வாங்குவது பொருளை அல்ல, அதைப் பயன்படுத்தும் உரிமத்தை. சின்ன எழுத்தில், பணம் கட்டும் பொத்தானுக்குப் பக்கத்தில்.