கோபுரத்தின் மேல் ஒரு கருவி

இடத்தை அளக்குமுன் அளக்கும் கருவியை எங்கே நிறுத்துவது என்பதே முதற்கேள்வி. தமிழ்நிலத்தில் அக்கேள்வியை விரிவாக எதிர்கொண்டவர் பிரிட்டிஷ் அரசப் படையைச் சேர்ந்த வில்லியம் லாம்டன். 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். வேலை 57 நாள் நீடித்தது. ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்றப் பக்கங்களைக் கணக்கால் பெறலாம். ஆகவே அதன்பின் வேண்டியவை, ஏறக்குறைய அரை டன் எடையுள்ள தியோடலைட் என்னும் கோணமானியும், அதை ஏற்றிவைக்க உயர்ந்த இடங்களுமே.

மலையுள்ள பகுதிகளில் சிக்கல் இல்லை. காவிரிச் சமவெளியில் கோயில்களே குன்றுகளாயின. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் கருவியை ஏற்றுகையில் கயிறு அறுந்து, அது சுவரில் மோதி உருக்குலைந்தது. லாம்டன் ஆறு வாரம் அதனோடு போராடிச் சீர்செய்தார். தளத்துக்கு உயரம் மட்டும் போதாது. பாரம் ஏற்றும் வழியும் உறுதியாக இருத்தல் வேண்டும்.

இன்று உயரம் செயற்கைக்கோளுக்கு உரியது. வண்டியில் பொருத்திய கருவி தன் இடத்தைத் தானே கணித்து, கைபேசி வலையின் வழியே ஒரு வழங்கிக்கு அனுப்புகிறது. எங்கள் திருவேங்கடம் வட்டாரக் கரிசலில் ஒரு பள்ளி தன் பேருந்துகளைக் கண்காணிக்க விரும்பினாலும் பழைய கேள்வியே எழும்: மென்பொருளை எதில் நிறுவுவது?

டிராக்கார் போன்ற திறமூல மென்பொருள் ஜாவாவில் எழுதப்பட்டது. விண்டோஸிலும் லினக்ஸிலும் இயங்கும். விண்டோஸ் பலருக்குப் பழகியது; லினக்ஸுக்கு உரிமத் தொகை இல்லை, எளிய கணினியே போதும். பார்த்துக்கொள்பவருக்கு எது கைவருமோ அதுவே நல்லது. ஆனால் அலுவலக மேசைக் கணினிக்கு மின்வெட்டு உண்டு. இணைய இணைப்புக்குப் பெரும்பாலும் நிலையான முகவரி இராது. வாடகை வழங்கி இவ்விரண்டையும் தீர்க்கும். அதற்கு மாத வாடகை உண்டு, பதிவுகளும் பிறர் கட்டடத்தில் தங்கும்.

இங்கேதான் வரலாறு நமக்கு உதவுகிறது. ராஜராஜன் இறைவனுக்கு எடுத்த விமானம், எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின் கும்பினியின் கணக்குக்குப் படியாயிற்று. லாம்டனின் நாட்டம் பூமியின் வடிவத்தை அறிவதில் இருந்தது. நிலப்படமோ வரிக்கும் படைக்கும் பயன்பட்டது. அளப்பவன் நோக்கம் வேறு, அளவைக் கையில் வைத்திருப்பவன் நோக்கம் வேறு.

ஒரு குழந்தை எந்நேரம் எத்தெருவில் இறங்குகிறது என்னும் பதிவு நிலப்படத்தினும் நுண்ணியது. ஆகவே தளத்தைத் தேர்வோர் விலையையும் வேகத்தையும் பார்த்தபின் இரண்டு கேள்விகளைக் கேட்டாக வேண்டும்: கடவுச்சொல் யார் கையில்? பழைய பதிவுகள் எப்போது அழிக்கப்படும்? இவற்றுக்கு விடை கிடைக்காத தளம் எவ்வளவு உயர்ந்ததாயினும் கருவியை அதன்மேல் ஏற்றாதிருத்தலே நன்று.