ஒத்ததிர்வு விதி: உரையும் விளக்கமும்

விதி: மின்தூண்டல் எண்ணை மின்தேக்குத்திறனால் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தை இருமடங்கு பையால் பெருக்கி, அத்தொகையால் ஒன்றை வகுக்க வருவது ஒத்ததிர்வு அதிர்வெண்.

1853-இல் வில்லியம் தாம்சன் நிறுவிய பொருள் இது. திடநிலை அணுக்கருக் காந்த ஒத்ததிர்வில் மாதிரியைத் தாங்கிக் குறி வாங்கும் கருவியாகிய புரோபின் அதிர்வெண் எல்லையை விரிக்கப் புகுவார்க்கு இதுவே முதனூல்.

'ஒத்ததிர்வு அதிர்வெண்' என்றது, புரோபின் சுற்று ஆற்றலை நிறைவாக ஏற்கும் அதிர்வெண்ணை. அஃது ஆராயும் அணுக்கருவின் அதிர்வெண்ணோடு பொருந்தல் வேண்டும்; அவ்வதிர்வெண் அணுக்கருதோறும் வேறுபடும். 9.4 டெஸ்லா காந்தத்தில் கார்பன்-13க்கு 100.6, கால்சியம்-43க்கு 26.9 மெகாஹெர்ட்ஸ். அரியலூர் மாவட்டத்துச் சுண்ணாம்புக்கல்லிலும் அதனின்று ஆகும் சிமென்ட்டிலும் கால்சியம் மிகுதி. ஆயினும் ஒத்ததிர்வுக் குறி தரும் கால்சியம்-43 இயற்கையில் 0.135 விழுக்காடே. குறியும் மெலிந்தது, அதிர்வெண்ணும் தாழ்ந்தது; ஆதலின் புரோப் அத்தாழ்விற்கு இறங்கல் வேண்டும்.

'மின்தூண்டல் எண்' என்றது, மாதிரியைச் சூழ்ந்த கம்பிச்சுருளின் இயல்பை. மாதிரிக் குழலின் அளவும் சுற்றுகளின் எண்ணிக்கையும் அதனை வரையறுத்தலான், அஃது எளிதில் மாற்றற்பாலதன்று. எனவே மாற்றற்குரியது 'மின்தேக்குத்திறன்' என்பது பெறப்பட்டது.

'வர்க்கமூலம்' என்பதே இவ்விதியின் உயிர். அதிர்வெண் பாதியாகத் தேக்குத்திறன் நான்கு மடங்காதல் வேண்டும். கார்பனினின்று கால்சியத்திற்கு இறங்க ஏறத்தாழ 14 மடங்கு வேண்டும். 1 முதல் 10 பிகோஃபாரட் வரை திருகத்தக்க மின்தேக்கி ஒன்று உளது எனக் கொள்க. சுற்றில் தானே அமைந்த தேக்குத்திறன் 5 எனின், மொத்தம் 6 முதல் 15 வரையே. அஃதாவது இரண்டரை மடங்கு. அதிர்வெண்ணிலோ 1.58 மடங்கே பெயர்ச்சி. திருகுதல் மட்டும் போதாமை இதனான் விளங்கும்.

'இருமடங்கு பை' கோண அதிர்வெண்ணைச் சாதாரண அதிர்வெண்ணாக்குதற்கு வந்தது. 'ஒன்றை வகுக்க' என்றமையான், பெருக்கம் ஏறின் அதிர்வெண் இறங்கும் என்க.

இனிக் குறிப்பாற் பெறப்படுவன. சுருளுக்குப் பக்க இணைப்பில் நிலையான மின்தேக்கி ஒன்றைச் செருகின், எல்லை முழுதும் கீழே பெயரும். ஆயினும் அதன் அகலம் குறுகும். ஆதலின் மின்தேக்கிகளை மாற்றிச் செருகி அடுத்தடுத்த எல்லைகளைப் பெறுதலே தகும். சுருளோடு வேறொரு சுருளைத் தொடரிணைப்பில் சேர்த்தும் இறக்கலாம்; பக்க இணைப்பில் சேர்த்து ஏற்றவும் கூடும். எனினும் மாதிரியில்லாத அச்சுருளிலும் காந்த ஆற்றல் தங்குதலின் குறி குன்றும். ஆகவே இறக்குதற்கு மின்தேக்கியே சிறந்தது. அது சென்றெட்டாவிடத்தே சுருளை நாடுக.

திடநிலையில் நூற்றுக்கணக்கான வாட் ஆற்றல் துடிப்புகளாகப் பாய்தலின், செருகும் மின்தேக்கி காந்தப்பண்பு அற்றதாய், இழப்புக் குறைந்ததாய், உயர் மின்னழுத்தம் தாங்குவதாய் இருத்தல் வேண்டும். அன்றேல் மின்பொறி தோன்றிப் புரோப் கெடும். கற்பார், மின்தேக்கியை மாற்றுந்தோறும் 50 ஓம் மின்மறிப்புப் பொருத்தத்தை மீள அமைத்து, சிற்றாற்றலில் சோதித்த பின்னரே முழு ஆற்றலைச் செலுத்துக.