பழைய இசைத்தட்டும் அறிவிப்பாளர் தொடரும்

ஒரு ஹதீஸ் கைக்கு வந்தால் நம் உலமாக்கள் முதலில் கேட்பது, “யார் சொல்லி யார் கேட்டது?” என்பதைத்தான். பழைய இசைத்தட்டுகளின் ஒலியைச் சீர்செய்வோரும் அதையே கேட்க வேண்டும். சப்ரகமுவவில், யட்டியந்தோட்டை, தெஹியோவிட்ட பக்கத்துத் தோட்டக் கடைத்தெருக்களில் திரட்டிய தட்டுகளை ஓட்டிப் பார்த்து நான் வந்த முடிவு இது.

1925க்கு முந்திய பதிவுகளில் மைக் கிடையாது. பாடகர் கூம்புக்குள் பாடுவார். குரல் மெல்லிய தகட்டை அசைக்கும். தகடு ஊசியை அசைக்க, ஊசி மெழுகில் கீறும். 1902 நவம்பரில் கல்கத்தாவில் ஃபிரெட் கைஸ்பர்க், கௌஹர் ஜானைப் பதிந்தது இப்படித்தான். மெழுகு ஜெர்மனியின் ஹனோவருக்குக் கப்பலேறியது. அங்கே தட்டு அச்சிடுவோர் ஆளை அறிய, பாட்டு முடிந்ததும் அவரே தம் பெயரை ஆங்கிலத்தில் சொன்னார். தொடரின் முதல் அறிவிப்பாளர் தன்னை அடையாளம் காட்டிவிட்டார்.

அடுத்தது வேகம். ‘78’ என்று சொல்கிறோமே தவிர, அன்று நிமிடத்துக்கு 70 சுற்றிலும் பதிந்தார்கள், 80ஐத் தாண்டியும் பதிந்தார்கள். 74இல் பதிந்ததை 78இல் ஓட்டினால் குரல் ஏறத்தாழ அரைக்கட்டை ஏறிவிடும். நிதானமாகப் பாடியவர் அவசரக்காரர் ஆகிவிடுவார். பாடியவர்மீது இட்டுக்கட்டுவதற்கு இது சமம்.

கூம்புக்கும் சொந்த அதிர்வு உண்டு. 1970களில் அமெரிக்கரான தாமஸ் ஸ்டாக்ஹாம், கரூசோவின் தட்டுகளிலிருந்து அதைக் கணினியால் பிரித்தார். அதே பாட்டைப் பிற்காலத்தில் பாடிய இன்னொருவரின் பதிவை ஒப்புக்கு வைத்தார். அப்துல் கரீம் கானுக்கு அது தேவையில்லை. கூம்பிலும் பாடினார், 1937இல் மறையுமுன் மைக்கிலும் பாடினார். கோயம்புத்தூர் தாயியோ 1917இலேயே மறைந்துவிட்டார். அவருக்குக் கூம்பு ஒன்றே சாட்சி. இன்னொருவர் குரலை அளவுகோலாக்கினால், நாம் கேட்பது யாரை?

இரைச்சலை நீக்குவதிலும் கவனம் வேண்டும். ஏறத்தாழ 2,500 ஹெர்ட்ஸுக்கு மேல் கூம்பு பிடித்தது சொற்பம். ஸீனையும் ஷீனையும் பிரித்துக் காட்டும் ஒலி பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. உரசலை முழுக்கத் துடைத்தால், மிஞ்சியிருந்த கொஞ்சமும் போய்விடும். 1906 முதல் 1909 வரை மக்காவிலும் ஜித்தாவிலும் ஸ்னூக் ஹுர்க்ரோன்யேக்காகப் பதிந்த மெழுகு உருளைகள் இன்று லைடனில் உள்ளன. அவற்றில் கிராஅத்தும் இருக்கிறது. அங்கே இது சின்னப் பிழையாகாது.

“ஊசிய மாத்துங்க மகன், தட்டு தேஞ்சி போகும்” என்பார் வாப்பா. ஒரு பக்கத்துக்கு ஓர் இரும்பூசி என்பது அன்றைய ஒழுங்கு. இன்றைக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். வீட்டில் பழைய தட்டு இருந்தால் ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும். முதலில் எதையும் திருத்தாத பிரதியொன்றை எடுத்து வையுங்கள். பிறகு சீர்செய்யலாம். எந்த வேகம், என்ன ஊசி, எதை நீக்கினோம் என்பதைக் கூடவே எழுதி வைக்க வேண்டும். எழுதாவிட்டால், பின்னால் வருகிறவருக்குச் சரிபார்க்க வழியில்லை.