எரிவாயுக் கிணறும் மண்காப்பும்: பென்சில்வேனியா தரும் பாடம்

நிலத்தின் ஆழத்திலுள்ள செல்வத்தைத் தேடும் மனிதன் அதன் மேற்பரப்பிலுள்ள செல்வத்தை மறந்துவிடுவதுண்டு. பாறைக்குள் அடைபட்டிருக்கும் எரிவாயு பல கோடி ஆண்டுகளில் விளைந்தது. அதன்மேல் போர்வையாய்க் கிடக்கும் வளமான மண்ணும் ஓரிரு நாளில் உருவானதன்று. ஓர் அங்குல மேல்மண் உண்டாக நூற்றாண்டுகள் வேண்டும். அதனை இழப்பதற்கோ ஒரு பெருமழை போதும். எரிவாயுக் கிணறு என்றவுடன் தீயையும் வெடிப்பையும் அஞ்சுவோர் பலர். சேற்றை அஞ்சுவோர் சிலரே. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் சேற்றையும் அஞ்சக் கற்றுக்கொண்டது. அங்கே மண்காப்புச் சட்டங்கள் எவ்வாறு பிறந்தன, அவை ஏட்டைவிட்டுக் களத்திற்கு வர எத்தனை காலம் ஆயிற்று என்பதை ஈண்டு நோக்குவோம்.

எண்ணெய் கண்ட பூமி

பென்சில்வேனியா அப்பலாச்சிய மலைத்தொடர் ஊடறுத்துச் செல்லும் மாநிலமாகும். அதன் மலைச்சரிவுகளில் பிறக்கும் ஓடைகள் பல சஸ்குவெகன்னா ஆற்றில் கலந்து, தெற்கே செசபீக் விரிகுடாவைச் சேர்கின்றன. அவ்விரிகுடா பெறும் நன்னீரில் ஏறத்தாழப் பாதி இவ்வோர் ஆற்றின் கொடையே. ஆதலின், மலைச்சரிவில் கரையும் மண் அந்நிலத்தின் உரிமையாளருக்கு மட்டும் உரிய கவலையன்று. நெடுந்தொலைவில் மீன்பிடித்து வாழ்வோருக்கும் உரிய கவலையாகும்.

1859ஆம் ஆண்டில் டைட்டஸ்வில் என்னும் சிற்றூருக்கருகே எட்வின் டிரேக் என்பார் ஏறத்தாழ 70 அடி ஆழம் துளையிட்டு எண்ணெய் கண்டார். அன்றே அப்பள்ளத்தாக்கின் முகம் மாறத் தொடங்கியது. மரங்கள் வெட்டப்பட்டுத் துளைக்கோபுரங்கள் ஆயின. பீப்பாய்களை ஏற்றிய குதிரை வண்டிகள் சென்ற வழிகள் சேற்றுக்குழம்பாயின. 1865ஆம் ஆண்டில் பிட்ஹோல் என்னும் ஊர் வெறும் வயல்வெளியிலிருந்து சில திங்களில் பல்லாயிரவர் வாழும் நகரமாய் எழுந்தது. எண்ணெய் வற்றியதும் அதே விரைவில் பாழூராயிற்று. கரைந்த மண்ணுக்குக் கணக்குக் கேட்பார் அந்நாளில் எவரும் இலர். அந்நூற்றாண்டு முடிவதற்குள் மரத்தொழிலும் தோல் பதனிடும் தொழிலும் மாநிலத்தின் வடபுலக் காடுகளையும் பெரும்பாலும் மொட்டையடித்துவிட்டன.

சட்டம் பிறந்த கதை

மண்ணும் நாட்டின் சொத்தே என்னும் எண்ணம் அமெரிக்க மக்களிடையே ஆழ வேரூன்றியது 1930களில்தான். நடுநாட்டுச் சமவெளிகளில் கிளம்பிய புழுதி தலைநகர் வாஷிங்டன்வரை பறந்து வந்த காலம் அது. மண்காப்புக்காக ஓயாது வாதாடிய ஹியூ பென்னட்டின் சொல் அப்போதுதான் ஆட்சியாளரின் செவியில் ஏறியது. 1935ஆம் ஆண்டில் மண்காப்புச் சட்டம் நிறைவேறியது. பென்சில்வேனியாவில் 1937இல் தூய நீரோடைச் சட்டமும், வட்டாரந்தோறும் மண்காப்புக் கழகங்கள் அமைக்க வழிசெய்த சட்டம் 1945இலும் பிறந்தன. 1971இல் தூய காற்றும் தூய நீரும் மக்களின் உரிமை என்பதை மாநிலத்தின் அரசியலமைப்பே ஏற்றுக்கொண்டது.

இவற்றின் தொடர்ச்சியாக 1972இல் மண்ணரிப்புத் தடுப்பு விதிகள் வகுக்கப்பட்டன. நிலத்தைக் கிளறும் எவரும் மண் கரைந்தோடாதவாறு தடுப்பு அமைத்து அதனைப் பேணவேண்டும் என்பதே அவற்றின் சாரம். 1984ஆம் ஆண்டின் எண்ணெய், எரிவாயுச் சட்டமோ, துளையிடும் பணி முடிந்த ஒன்பது மாதத்திற்குள் கிணற்றுத்தலத்தைச் சீர்செய்ய வேண்டும் என்று பணித்தது.

நடுவணரசு தந்த விலக்கு

மாநிலம் இவ்வாறு வேலி கட்டிக்கொண்டிருக்க, நாட்டின் நடுவணரசோ எரிவாயுத் தொழிலுக்கு வேலியில் ஒரு வாயில் திறந்துவிட்டது. 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டம் 1987இல் திருத்தப்பட்டபோது, எண்ணெய், எரிவாயுத் தலங்களிலிருந்து வழியும் மாசுபடாத மழைநீருக்கு அனுமதிப் பத்திரம் வேண்டியதில்லை என விலக்களிக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டம் அவ்விலக்கைக் கட்டுமானப் பணிகளுக்கும் விரித்தது. வீடு கட்டுவோர் ஓர் ஏக்கர் நிலத்தைக் கிளறினும் அனுமதி பெறவேண்டும். எரிவாயுத் தலம் அமைப்போர்க்கோ அக்கட்டாயம் இல்லை. இதனையொட்டி 2006இல் வெளிவந்த நடுவணரசின் விதியை 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று நீக்கியது. ஆயினும், சட்டத்திலுள்ள விலக்கு நீங்கவில்லை.

சேறும் மாசுதானோ என்பதே இவ்வழக்காற்றின் உயிர்நாடி. நஞ்சு கலந்தால்தான் நீர் கெடும் என்பது மேலோட்டமான கருத்து. வண்டல் ஓடையின் அடியிலுள்ள கூழாங்கற்களின் இடைவெளிகளை அடைத்துவிடுகின்றது. அவ்விடைவெளிகளில் இடப்பட்ட டிரவுட் மீனின் முட்டைகள் மூச்சற்று மடிகின்றன. மீன் உண்ணும் பூச்சிகளுக்கும் அதே கதிதான். நஞ்சு ஒரு துளியும் இன்றியே ஓர் ஓடையைக் கொல்ல முடியும்.

மார்செல்லசின் வருகை

மாநிலத்தின் பெரும்பகுதிக்கு அடியில் மார்செல்லஸ் என்னும் களிப்பாறைப் படலம் பரந்து கிடக்கின்றது. 2004ஆம் ஆண்டில் தென்மேற்கிலுள்ள வாஷிங்டன் வட்டாரத்தில், பாறையை நீரழுத்தத்தால் பிளந்து எரிவாயு எடுக்கும் முறை அப்பாறையில் பயன் தரக் கண்டனர். அதன்பின் தொழில் காட்டுத்தீ எனப் பரவியது. 2011ஆம் ஆண்டில் மட்டும் 1,900க்கும் மேற்பட்ட கிணறுகள் தோண்டப்பட்டன. முன்னொரு காலத்தில் மொட்டையடிக்கப்பட்டு மீண்டும் தழைத்த வடபுலக் காடுகளுக்குள்ளும் துளைப்பொறிகள் நுழைந்தன.

இத்தகைய கிணறு ஒன்றை அமைக்க மலைச்சரிவை வெட்டிச் சமதளமாக்க வேண்டும். 2010இல் இயற்கைக் காப்பு அமைப்பு ஒன்று அளந்து கண்டபடி, தளத்திற்குச் சராசரி 3 ஏக்கர் நிலமும், அதற்குரிய சாலை, குழாய்வழி முதலியவற்றிற்கு ஏறத்தாழ 6 ஏக்கர் நிலமும் தேவைப்பட்டன. தளத்தைவிடத் தளத்திற்குச் செல்லும் வழியே மிகுதியான மண்ணைத் திறந்துவிடுகின்றது என்பது இதனால் விளங்கும்.

தடுக்கும் முறைகள் எளியனவே. மேலிருந்து வரும் நீரைக் கால்வாய் வெட்டித் தளத்தைச் சுற்றித் திருப்ப வேண்டும். லாரிகள் வெளியேறும் வாயிலில் கருங்கல் பரப்ப வேண்டும். சரிவின் அடியில் துணிவேலி நட வேண்டும். கலங்கிய நீர் தேங்கித் தெளியக் குட்டை அமைக்க வேண்டும். பணி முடிந்த நிலத்தில் விதை தூவி வைக்கோல் பரப்ப வேண்டும். வேலியின் பாதி உயரத்திற்கு வண்டல் சேர்ந்துவிட்டால் அதனை அள்ளிவிட வேண்டும்; நிலத்தில் 70 விழுக்காடு பசுமை படர்ந்தால்தான் அது நிலைபெற்றதாகக் கொள்ளப்படும். எளியனவாயினும் இவை நாள்தோறும் பேணப்பட வேண்டியவை. சாய்ந்த துணிவேலி வேலியே இல்லாமைக்கு ஒப்பாகும். ஆகவேதான், நிறுவனத்தார் வாரம் ஒருமுறையும், நீர் வழிந்தோடும் ஒவ்வொரு மழைக்குப் பின்னரும் இவற்றைப் பார்வையிட வேண்டும் என்பது விதியாயிற்று.

கண்காணிப்போர் எங்கே?

நடுவணரசு விலக்களித்தபோதும் பென்சில்வேனியா தன் பொறுப்பைக் கைவிடவில்லை. 5 ஏக்கருக்குக் குறையாத நிலத்தைக் கிளறும் எரிவாயுப் பணிகளுக்கு மாநில அனுமதி வேண்டும் என்றது. ஆனால், உரிமம் பெற்ற வல்லுநர் முத்திரையிட்ட திட்டங்களுக்கு விரைவு வழி ஒன்றும் திறக்கப்பட்டது. 2009இல் இத்திட்டங்களைச் சரிபார்க்கும் பணி வட்டார மண்காப்புக் கழகங்களிடமிருந்து எடுக்கப்பட்டு, மாநிலச் சுற்றுச்சூழல் காப்புத் துறையிடம் குவிக்கப்பட்டது. எந்தச் சரிவு மழைக்கு நழுவும், எந்த ஓடை கோடையிலும் வற்றாது என்பதை அறிந்தவர்கள் அக்கழகத்தார். அவர்தம் கண்கள் அப்பணியிலிருந்து விலக்கப்பட்டன.

கிணறுகளை எப்போது, எத்தனை முறை சோதிப்பது என்பதற்கு 1989இல் எழுதப்பட்ட கொள்கையே துறைக்கு வழிகாட்டியாக இருந்தது. பணமும் ஆளும் இடங்கொடுக்கும் அளவிற்குச் சோதனை நடத்தலாம் என அது தளர்வும் தந்திருந்தது. 2009 முதல் 2012 வரையிலான பணிகளைத் தணிக்கை செய்த மாநிலத் தலைமைத் தணிக்கையாளர் யூஜின் டிபாஸ்குவேல், தொழிலின் வேகத்திற்கு ஈடுகொடுக்கத் துறை ஆயத்தமாக இருக்கவில்லை என்று 2014இல் அறிக்கை வெளியிட்டார்.

இவ்வரலாற்றின் திருப்புமுனை 2012ஆம் ஆண்டின் 13ஆம் எண் சட்டமாகும். அதன் சில பகுதிகளை மறு ஆண்டே மாநில உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. எனினும், பலர் கவனிக்காத ஒரு விதி அதில் உண்டு. மார்செல்லஸ் போன்ற பாறைகளில் தோண்டும் தலத்தில் மண்ணரிப்புத் தடுப்புகள் அமைக்கப்பட்ட பின், துறையின் ஆய்வாளர் நேரில் வந்து பார்வையிடாத வரையில் துளையிடும் பணி தொடங்கலாகாது என்பதே அது. அதற்கு முன்னர்ச் சேறு ஓடையில் கலந்த பின்பும் ஆய்வாளர் வரலாம், அபராதம் விதிக்கலாம், ஓடையோ தெளிவதற்குக் காலம் வேண்டும். இப்போது துளைப்பொறிக்கு முன்னால் ஆய்வாளரின் காலடி பட வேண்டியதாயிற்று. வெள்ளம் வருமுன் அணை கோலுதல் என்பது இதுவே.

முடிவுரை

டிரேக்கின் கிணற்றிலிருந்து இவ்விதிவரை 153 ஆண்டுகள் கழிந்தன. மண்காப்பு விதிகள் வந்த பின்னரும் 40 ஆண்டுகள் ஆயின. இடைக்காலத்தில் குறைபட்டது அறிவன்று; வைக்கோலும் கருங்கல்லும் கால்வாயும் உழவர் நெடுங்காலமாக அறிந்தவையே. சட்டமும் முற்றிலும் இல்லாமற் போகவில்லை. மழைக்கு மறுநாள் மலையேறி, வேலி நிற்கின்றதா சாய்ந்ததா என்று பார்க்கும் பொறுப்புள்ள மனிதரே போதிய அளவில் இல்லை. ஏட்டில் எழுதிய விதி மண்ணைத் தாங்காது. அதனை நிறைவேற்றப் போதிய ஆளும் பொருளும் ஒதுக்கும் அரசே மண்ணைத் தாங்கும். இயற்கை வளத்தைத் தோண்டியெடுக்கும் நாடுகள் யாவும் பென்சில்வேனியாவிடமிருந்து கற்க வேண்டிய பாடம் இது.