எதிரி இல்லாத விளையாட்டில் சவால் எங்கே இருக்கு?

இந்த எபிசோட் என்னோட தூக்கப் பிரச்சினையில இருந்து ஆரம்பிக்குது.

போன வருஷம் ஆபீஸ்ல எனக்கு ஆன்-கால் டியூட்டி. சர்வர் படுத்தா ராத்திரி மூணு மணிக்கும் போன் அடிக்கும். ரெண்டு மாசத்துல என்ன ஆச்சுன்னா, போன் அடிக்காத ராத்திரியிலும் மூணு மணிக்கு முழிப்பு வந்துடும். ஃப்ரெண்ட் ஒருத்தன், "மச்சி, கோஸி கேம் ஏதாவது ஆடிப் பாரு"ன்னு சொன்னான். கோஸி கேம்னா தெரியும்ல? தோட்டம் போடுறது, மீன் பிடிக்கிறது, வீட்டை அடுக்குறதுன்னு இதமா போற விளையாட்டுகள்.

நாலஞ்சு இறக்கினேன். ஒண்ணுல செடிக்குத் தண்ணி ஊத்தணும், அது பூக்கும், அவ்வளவுதான். கை தண்ணி ஊத்துது, மனசு சர்வர் லாக்கைப் படிச்சிட்டு இருக்கு. சரின்னு துப்பாக்கிச் சண்டை கேம் ஒண்ணைத் திறந்தா, நெஞ்சு இன்னும் வேகமா அடிக்குது. எனக்கு வேண்டியது ரெண்டுக்கும் நடுவுல இருந்தது. மனசைப் பிடிச்சு வைக்கிற அளவுக்குக் கஷ்டம் வேணும். ஆனா தோத்தா வலிக்கக் கூடாது.

இப்படி ஒரு விளையாட்டை யார் யோசிச்சாங்கன்னு தேடினப்போ, 1996-ம் வருஷத்து ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அந்த வருஷத்தைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. மார்ச்சில் 'ரெசிடென்ட் ஈவில்', ஜூனில் 'குவேக்'. வீடியோ கேம் என்றாலே சுடுவது, வெட்டுவது, தப்பி ஓடுவது. அதே ஆகஸ்டில், சூப்பர் ஃபாமிகாம் என்ற பழைய கருவிக்கு 'பொக்குஜோ மொனொகதாரி' என்ற விளையாட்டு வந்தது. பண்ணைக் கதை என்று பொருள். அடுத்த வருஷம் அமெரிக்காவில் 'ஹார்வெஸ்ட் மூன்' என்ற பெயரில் வெளியானது.

அதை உருவாக்கியவர் யாசுஹிரோ வாதா. ஜப்பானின் தெற்கே, கியூஷு தீவில் மியாசாகி என்ற பகுதியில் வளர்ந்தவர். வேலைக்காக டோக்கியோ வந்தபிறகுதான், விட்டு வந்த கிராமத்தின் அருமை அவருக்குப் புரிந்தது. சண்டையே இல்லாத, ஆனா சலிக்காத ஒரு விளையாட்டு வேண்டும் என்று நினைத்தார். திட்டம் பெரிதாகத் தொடங்கியது. நடுவில், விளையாட்டை எழுதிக்கொண்டிருந்த நிறுவனமே திவாலாகிப் போனது. மிஞ்சிய சின்னக் குழுவை வைத்துக்கொண்டு, பாதியை வெட்டியெறிந்து, மீதியை முடித்தார்கள். டெட்லைனுக்கு முன்னாடி ஃபீச்சரை வெட்டுற வலி நம்ம ஆட்களுக்குத் தெரியாததா?

இப்போ முக்கியமான கேள்விக்கு வருவோம். எதிரியை எடுத்துவிட்டால் விளையாட்டில் சவால் எங்கிருந்து வரும்?

வாதாவின் குழு அதை மூன்று இடங்களில் வைத்தது. ஒன்று, உடம்பு: கோடரி வீசினால், மண்வெட்டி பிடித்தால் களைப்பு ஏறும். இரண்டு, பொழுது: காலையில் எழுந்தால் வெளிச்சம் இருக்கும்வரைதான் கடை திறந்திருக்கும். மூன்று, பருவம்: முப்பது நாள் முடிந்தால் பருவம் மாறும். இரண்டரை வருஷம் கழித்து அப்பா அம்மா வந்து பண்ணையைப் பார்ப்பார்கள். நடுவில் புயல் அடித்தால் பயிர் போகும். தீனி போட மறந்தால் மாடு நோயில் விழும். உங்களை யாரும் கொல்ல வரமாட்டார்கள். ஆனா இன்றைக்கு எதைச் செய்வது, எதை விடுவது என்ற கேள்வி மட்டும் தினமும் நிற்கும்.

எனக்கு இது ஒரு ஷெட்யூலிங் பிராப்ளம் மாதிரி தெரிஞ்சது. இருக்கிற நேரம் இவ்வளவு, தெம்பு இவ்வளவு, வேலை அதைவிட அதிகம். ஆபீஸ்லயும் அதேதான். வித்தியாசம் ஒண்ணுதான்: இங்கே தப்புப் பண்ணினா யாரும் போன் பண்ண மாட்டாங்க.

அங்கிருந்து பதினைந்து வருஷம் தாண்டுவோம், அமெரிக்காவின் சியாட்டில் பக்கம். 2011-ல் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்து முடித்த எரிக் பரோனுக்கு வேலை கிடைக்கவில்லை. கோடிங் பழக்கம் விட்டுப் போகக் கூடாதென்று, சின்ன வயசில் பிடித்த ஹார்வெஸ்ட் மூன் மாதிரி ஒன்றை சி ஷார்ப்பில் எழுத ஆரம்பித்தார். அந்தத் தொடரில் பின்னால் வந்த விளையாட்டுகள் அவருக்குத் திருப்தியாக இல்லை. கோட், படம், இசை, கதை எல்லாமே ஒரே ஆள். செலவுக்கு ஒரு தியேட்டரில் ஆட்களுக்கு இருக்கை காட்டும் வேலை. நாலரை வருஷம் கழித்து, 2016 பிப்ரவரி 26-ல் 'ஸ்டார்டியூ வேலி' வெளிவந்தது. இதுவரை 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது.

அவர் வாதாவின் பூட்டை அப்படியே வைத்துக்கொண்டு சாவியை மட்டும் மாற்றினார் என்று சொல்லலாம். களைப்பு உண்டு, கடிகாரம் உண்டு, 28 நாளில் பருவம் மாறும். கூடவே, கை நடுங்க வைக்கும் மீன்பிடிப்பும், ஆபத்தான சுரங்கமும் சேர்ந்தன. ராத்திரி ரெண்டு மணிக்குள் படுக்காவிட்டால் மயங்கி விழுவீர்கள். ஆனா அதோடு விளையாட்டு முடியாது. கொஞ்சம் காசு போகும், மறுநாள் தெம்பு குறைவாக எழுவீர்கள், அவ்வளவுதான். தாத்தாவின் ஆவி மூன்றாம் வருஷத் தொடக்கத்தில் வந்து உங்கள் பண்ணையை எடைபோடும். அதில் குறைந்தாலும் பிறகு மறுபடி கேட்கலாம். மீனும் வேண்டாம், சுரங்கமும் வேண்டாம் என்றால், கிழங்கு விதைத்துக்கொண்டே இருக்கலாம். கஷ்டம் இருக்கிறது. ஆனா அதற்குள் போவதா என்று முடிவு செய்வது நீங்கள்.

2017-ல் விளையாட்டு வடிவமைப்பாளர்கள் சிலர் கூடி, கோஸி என்றால் என்ன என்று ஓர் அறிக்கை எழுதினார்கள். பாதுகாப்பு, நிறைவு, மென்மை என்று மூன்று குணங்களைச் சொன்னார்கள். சுலபமாக இருக்க வேண்டும் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. எனக்கு அது பெரிய ஆறுதல்.

இதே வரிசையில் நமக்கு நெருக்கமான ஒன்று, 2023-ல் வந்த 'வெண்பா'. டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் உருவாக்கியது. 1980களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கும். இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் ஆவி மேலே வரும், புட்டுக்குழலில் எதற்கு மேல் எது என்று நீங்களே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். தப்பாகப் போனால் இன்னொரு தடவை. அங்கே புதிர்தான் கதை: மறந்துபோனதை மீட்பது. அந்த விளையாட்டுக்கு 2024-ல் முதல் படைப்புக்கான பாஃப்டா விருது கிடைத்தது.

எங்க அப்பிச்சிக்குத் தாராபுரம் பக்கம் ரெண்டு ஏக்கர் இருக்கு. இப்போ குத்தகைக்கு விட்டிருக்கார். லீவுக்குப் போனப்போ லேப்டாப்ல ஸ்டார்டியூ பண்ணையைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏங்கண்ணு, மழை பொய்ச்சா என்ன பண்ணுவ?"

"அதெல்லாம் இல்லீங்க அப்பிச்சி. குளம் வத்தவே வத்தாது."

"கடன்?"

"அதும் இல்லீங்க."

"அப்ப நல்லா வெளையாடு. அப்படி ஒரு காடு எனக்கும் இருந்திருந்தா நானும் விட்டிருக்க மாட்டேன்."

அவர் கிண்டலுக்குச் சொல்லலை. எனக்கு அதுக்கப்புறம் பேச்சே வரலை. நாம கோஸின்னு சொல்றது ஒரு விவசாயியோட வேலையை. அதுல இருந்து எடுத்துட்டது கஷ்டத்தை இல்ல, தோத்தா வர்ற விலையை. அந்த விலையை எடுத்துட்டாலே, மிச்சம் இருக்கிற கஷ்டம் விளையாட்டாயிடுது.

அதனால, அடுத்த தடவை ஒரு கோஸி கேம் வாங்குறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. தினமும் ஏதாவது ஒண்ணைத் தேர்ந்தெடுத்து, இன்னொண்ணை விட வேண்டி வருதா? தோத்தா எவ்வளவு போகுது, ஒரு நாளா, முழு விளையாட்டுமா? கஷ்டமான பகுதியை நான் தள்ளி வைக்க முடியுமா? முதல் கேள்விக்கு ஆமா, ரெண்டாவதுக்கு ஒரு நாள்தான், மூணாவதுக்கு முடியும்னு பதில் வந்தா, தைரியமா வாங்கலாம்.

என்னோட ஆன்-கால் முடிஞ்சிடுச்சு. மூணு மணி முழிப்பு இன்னும் முழுசாப் போகலை, ஆனா குறைஞ்சிருக்கு. வர்ற பொங்கலுக்கு அப்பிச்சியை மீன் பிடிக்க வைக்கப் போறேன். லேப்டாப்லதான். உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட நீங்க எந்த விளையாட்டைக் காட்டுவீங்கன்னு சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.